பிரெட் வகுப்பு எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சென்ற வாரம் ஓர் இளம் ஆசிரியை ஐந்தாம் வகுப்புக்குப் பிரெட் செய்துகாட்டினார். பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லாம் நான் முன்பு செய்த அதே தவறுகள். கை கழுவுவது, அடுப்புப் பக்கம் விடாதது எல்லாம் யாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொங்கிய மாவை வீட்டிலிருந்து கொண்டுபோவது

40 நிமிஷப் பீரியடில் முடியாதே என்று நானும் விடிகாலையில் பிசைந்து, பொங்கிய மாவைத் தூக்குச்சட்டியில் எடுத்துப்போனேன். பிள்ளைகள் உருட்டினார்கள், சுட்டதும் சாப்பிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, "பிரெட்டுக்குள்ள ஓட்டை எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். "மெஷின்ல போடுவாங்க மிஸ்" என்றாள் ஒரு சிறுமி. மற்றவர்களும் தலையாட்டினார்கள். மாவு பொங்கும் அந்த ஒரு மணி நேரம்தான் பாடம். அதை என் சமையலறையிலேயே முடித்துவிட்டு வந்திருந்தேன். இன்று நினைத்தாலும் ஆறவில்லை. அதையே இன்னொருவர் செய்யும்போது எரிச்சல் இன்னும் கூடுகிறது.

இப்போது முதல் பீரியடிலேயே பிசைகிறோம்: அரைக் கிலோ மாவு, 300 மில்லி தண்ணீர், 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒன்றரை டீஸ்பூன் உப்பு. கூடவே இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் ஈஸ்ட் போட்ட மாவு, மற்றதில் போடாதது; இரண்டும் பாதியளவு, மட்டத்தில் ரப்பர் பேண்ட். இடைவேளையில் ஓடிவந்து பார்ப்பார்கள். ஒன்று ஏறியிருக்கும், மற்றது அப்படியே கிடக்கும். ஈஸ்ட் உயிருள்ளது, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது என்று அப்போது சொல்லுங்கள். "எங்க வீட்டு இட்லி மாவும் ராத்திரி இப்படித்தான் பொங்கும்" என்று யாராவது சொல்லாமல் இருந்ததில்லை.

ஒரு பீரியட்தான் கிடைக்கும் என்றால் பிரெட் சுடுவதையே விட்டுவிடுங்கள். அந்த இரண்டு டம்ளரை மட்டும் சன்னலில் வையுங்கள்.

வெந்நீர் ஊற்றுவது

60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். நம் ஊருக்குப் பானைத் தண்ணீரே போதும்.

நெல் வயலைக் காட்டிப் பிரெட்டை விளக்குவது

தமிழ்நாட்டில் கோதுமை விளைச்சல் மிகக் குறைவு. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, பங்குனி, சித்திரையில் அறுத்தது ரயிலேறி வருகிறது. வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு பிடி கோதுமையை மிக்ஸியில் அரைத்துக் கொடுத்துச் சலிக்கச் சொல்லுங்கள். தவிடு சல்லடையில் நிற்கும். மைதா ஏன் வெள்ளை என்று அவர்களே சொல்வார்கள்.

விதைக் கோதுமை வாங்குவது

கூடவே கூடாது. விதைக்குப் பூஞ்சாண மருந்து தடவியிருக்கலாம். 1971-72இல் ஈராக்கில் பாதரச மருந்து தடவிய விதைக் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றதில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மளிகைக் கடையில் வாங்குங்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று கேட்காதது

முந்தின நாளே பெற்றோரிடம் கேளுங்கள்.