ரவுட்டர் வாங்கும்போது செய்யும் தவறுகள்: பெட்டி மேல் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

300 எம்பிபிஎஸ் பிளான் இருக்கிறது, புது ரவுட்டரும் வந்தாயிற்று. ஆனாலும் லேப்டாப்பில் உள்ள படத்தை டிவியில் போட்டால் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே பிளானை 500-க்கு ஏற்றுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. லேப்டாப்பிலிருந்து டிவிக்குப் போகும் படம் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. அதற்கு இன்டர்நெட் வேகம் எத்தனை என்பது பொருட்டே அல்ல. போகிற வழியில் எந்த இடம் மிகக் குறுகலோ, அதுதான் வேகம்.

இணையத்தில் பார்க்கும் படத்துக்கு அவ்வளவு வேகம் தேவையும் இல்லை. 4கே தரத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். 100 எம்பிபிஎஸ் பிளானிலும் நாலு பேர் நாலு அறையில் தாராளமாகப் பார்க்கலாம், வைஃபை ஒழுங்காக எட்டினால்.

கூட்டிப் போட்ட எண்

பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருந்தால் 1200 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் (பேண்ட்) பேசும்: 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கி அச்சடித்திருக்கிறார்கள். உங்கள் ஃபோன் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு பேண்டில்தான் இருக்கும். அந்த 867-கூட லிங்க் வேகம், அதாவது ஏட்டளவிலான உச்சம். அதே அறையில் உட்கார்ந்தாலும் கோப்பு நகர்வது சுமார் 500, 600 எம்பிபிஎஸ்ஸில்தான். அடுத்த தலைமுறையான ஏஎக்ஸ்3000-இலும் இதே கணக்கு: 574-உம் 2402-உம். அந்த 2402 வர வேண்டுமானால் எதிர்முனையில் உள்ள கருவியும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனலில் பேச வேண்டும். 80-இல் நிற்கும் ஃபோனுக்குப் பாதிதான் கிடைக்கும்.

ஆண்டெனாவை எண்ணி வாங்குவதும் இதே வகைதான். ரவுட்டரில் ஆறு கொம்பு இருந்தாலும் ஃபோனுக்குள் இருப்பது பெரும்பாலும் இரண்டு, விலை குறைந்த ஃபோன்களில் ஒன்று.

போர்ட்டைப் பார்க்காமல் வாங்குவது

பணத்தை வீணாக்குவதில் இதற்குத்தான் முதலிடம். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, சி6 இரண்டுமே ஏசி1200 என்று விற்பவை. ஆனால் சி50-இன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ், சி6-இன் போர்ட்டுகள் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். முதலாவதை வாங்கி 300 எம்பிபிஎஸ் பிளானில் மாட்டினால், உள்ளே வரும் கேபிளிலேயே 100-க்கு மேல் ஏறாது. விவரப் பட்டியலில் 10/100 என்று முடிந்தால் விட்டுவிடுங்கள். 10/100/1000 என்று இருக்க வேண்டும். இணைய இணைப்புக்கான வேன் போர்ட், வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட் இரண்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

கோப்புக் கணக்கில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, கோப்பின் எம்பி என்பது மெகாபைட்; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் போர்ட் வழியாக நொடிக்குச் சுமார் 11 எம்பிதான் போகும். கல்யாண வீடியோ ஃபோல்டர் 40 ஜிபி என்றால் ஒரு மணி நேரம். ஜிகாபிட்டில், டிஸ்க் ஈடுகொடுத்தால், ஆறேழு நிமிடம்.

ரவுட்டரைச் சரியாக வாங்கிவிட்டுக் கேபிளில் கோட்டை விடுபவர்களும் உண்டு. ஜிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு நாலே போதும் என்பதால், கேபிள் முனையில் பிளக் மாட்டுபவர் (கிரிம்ப் செய்பவர்) நாலை மட்டும் செருகியிருந்தாலும், மற்ற நாலில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும், இணைப்பு வேலை செய்யும். சத்தமில்லாமல் 100-க்கு இறங்கியிருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு 1000/1000 என்று காட்டுகிறதா பாருங்கள். வீட்டுக்கு கேட்5இ போதும், ஆனால் சுத்தமான செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் வளைவில் எளிதாக முறியும்.

இதில் ஒரு வேடிக்கை: ரவுட்டரும் கேபிளும் ஜிகாபிட்டாக இருந்தாலும், பல ஸ்மார்ட் டிவிகளின் ஈதர்நெட் போர்ட் இன்னும் 100 எம்பிபிஎஸ்தான். இணையப் படங்களுக்கு அது தாராளம். ஆனால் 4கே ப்ளூ-ரே தரக் கோப்பு சில காட்சிகளில் 100-ஐத் தாண்டும். அந்த இடத்தில் மட்டும் படம் திக்கும். அப்படிப்பட்ட டிவியை வயரிலிருந்து கழற்றி 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போட்டாலே சரியாகிவிடுவதுண்டு.

இரண்டு முனையும் வைஃபையில்

லேப்டாப்பும் டிவியும் ஒரே பேண்டில் இருந்தால், படம் முதலில் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு, பிறகு அதே காற்றில் ரவுட்டரிலிருந்து டிவிக்கு. வேகம் பாதியாகிறது. விலை உயர்ந்த ரவுட்டர் இதைத் தீர்க்காது, பத்து மீட்டர் கேபிள் தீர்க்கும். கோப்புகள் இருக்கும் கணினியை மட்டும் வயரில் இணையுங்கள். மாடிக்கு ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் கருவி) வாங்கினாலும் இதே சிக்கல்தான். கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது 5 ஜிகாஹெர்ட்ஸ் சோர்ந்துவிடும் என்பதால், மாடிப்படி வழியாக ஒரு கேபிள் ஏற்றி அதன் முனையில் ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வைப்பது மேல்.

யூஎஸ்பி போர்ட்டுக்காகக் கூடுதல் விலை

ஹார்டுடிஸ்க்கை ரவுட்டரிலேயே செருகினால் வீட்டுக்கு ஒரு சர்வர் கிடைத்துவிடும் என்ற ஆசையில் வாங்குகிறார்கள். யூஎஸ்பி 2.0 என்றால் நொடிக்கு 30 எம்பி வந்தாலே பெரிது. ரவுட்டரின் சின்ன பிராசசர் அதையும் குறைத்துவிடும். 2.0 போர்ட் தர வேண்டிய மின்சாரம் 500 மில்லிஆம்பியர்தான். சிறிய ஹார்டுடிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்கும். டிக் டிக் என்று தட்டிவிட்டு நின்றுபோகும். 3.0 போர்ட்டில் இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் அதன் மின்னிரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும்.

டிஸ்க்கில் உள்ள கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். பழைய ரவுட்டர்கள் சில அதன் முதல் பதிப்பான எஸ்எம்பி1 முறையில் மட்டுமே பகிரும். 2017-இல் வானாகிரை வைரஸ் புகுந்தது இந்த முறையின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 சேர்வதில்லை, அல்லது பயன்படுத்தாமல் விட்டால் சில நாளில் தானே நீங்கிவிடும். அதனால்தான் ஃபோனில் தெரியும் டிஸ்க் லேப்டாப்பில் தெரியாமல் போகிறது. எஸ்எம்பி1-ஐ மீண்டும் இயக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். எஸ்எம்பி2 அல்லது 3 உண்டு என்று விவரத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். டிஸ்க்கை ஃபேட்32 வடிவில் ஃபார்மட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதும் நினைவிருக்கட்டும். கேட்டால் நாங்கள் சொல்வது, சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை ரவுட்டருடன் வயரில் கோத்து ஃபோல்டரைப் பகிருங்கள். யூஎஸ்பி போர்ட்டை மறந்துவிடுங்கள்.

மோடமும் ஒரு ரவுட்டர்தான்

ஃபைபர் இணைப்போடு தரும் மோடம் தானே வைஃபை கொடுக்கிறது, ஒவ்வொரு கருவிக்கும் நெட்வொர்க் முகவரியும் கொடுக்கிறது. அதன் பின்னால் புது ரவுட்டரை அப்படியே மாட்டினால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க். மோடத்தின் வைஃபையில் இருக்கும் ஃபோனுக்கு, ரவுட்டரில் இருக்கும் டிவி தெரியாது. காஸ்ட் பொத்தான் வராது. புது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றி, மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டால் போதும். இன்னொன்று, சில மோடங்களில் ஒரு போர்ட் மட்டுமே ஜிகாபிட். ஜிஇ என்று எழுதியிருக்கும், மற்றவை எஃப்இ, அதாவது 100 எம்பிபிஎஸ். ரவுட்டருக்கான கேபிளை ஜிஇ-யில் செருகுங்கள். கெஸ்ட் வைஃபையில் டிவியைச் சேர்த்தாலும் மற்றவற்றிலிருந்து பிரிந்துவிடும்.

மினி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் புது ரவுட்டரின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பழையது 9 வோல்ட்டாக இருந்திருக்கலாம். ஏஎக்ஸ் ரவுட்டர்கள் 12 வோல்ட், 1.5 அல்லது 2 ஆம்பியர் கேட்பதுண்டு. 1 ஆம்பியர் யூபிஎஸ்ஸில் மாட்டினால் கரண்ட் போன நேரத்தில் ரவுட்டர் அணைந்து அணைந்து எரியும்.

வாங்கிய அன்றே, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், வீட்டில் உள்ள இரண்டு கணினிகளை ரவுட்டருடன் வயரில் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு 4 ஜிபி கோப்பை நகலெடுங்கள். விண்டோஸ் காட்டும் வேகம் நொடிக்கு 11 எம்பியில் அசையாமல் நின்றால், எங்கோ ஒரு 100 போர்ட்டோ அறுந்த கம்பியோ இருக்கிறது. கேபிளை மாற்றிப் பார்த்தும் எண் நகரவில்லை என்றால், கணினிகளின் போர்ட்டைச் சரிபார்த்துவிட்டு ரவுட்டரைப் பெட்டியில் போட்டுவிடலாம்.