ஹோட்டன் சமவெளிக்கு விடியலிலேயே செல்லுங்கள்

இலங்கையின் மலைநகரான நுவரெலியாவில் தங்கி ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவைக் காண எண்ணுவோர், நகரத்து இடங்களைப் பிற்பகலுக்கு ஒதுக்கிவிட்டு, நடைப்பயணத்தை விடியற்காலையிலேயே தொடங்க வேண்டும். 'உலக முடிவு' எனப்படும் செங்குத்தான மலைவிளிம்பிலிருந்து தெரியும் பள்ளத்தாக்கே இப்பயணத்தின் உயிர். ஆனால் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து மூடுபனி ஏறிவந்து அக்காட்சியை முற்றாக மறைத்துவிடுவது வழக்கம். நடைபாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டப்பாதை என்பதால், பாதை பிரியுமிடத்தில் முதலில் 'சின்ன உலக முடிவு' எனப்படும் சிறிய மலைவிளிம்பை நோக்கித் திரும்பி, உலக முடிவையும் கண்டுவிட்டு, பேக்கர் அருவியைத் திரும்பும் வழியில் பார்ப்பதே சிறந்தது. அருவிக்குப் பனிமூட்டம் அவ்வளவாகத் தடையாவதில்லை.

சமவெளி 2,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், சனவரி மாத விடியலில் புல்நுனிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைக் காணலாம். கம்பளிச் சட்டையும் பிடிமானமுள்ள காலணியும் கட்டாயம் வேண்டும். நுழைவாயிலில் பைகளைச் சோதித்து, தண்ணீர்ப் போத்தலில் சுற்றியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளைக்கூட அகற்றிவிடுவார்கள். ஆகவே பிஸ்கட், பழங்களை முதல்நாள் இரவே காகிதப் பையிலோ டப்பாவிலோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிற்கும் மரைகளுக்கு (பெரிய மான்கள்) அவற்றில் ஒரு துண்டும் கொடுக்காதீர்கள்.