ஆங்கிலச் சொற்களை மைண்ட் மேப்பில் கற்றுக்கொடுப்பது எப்படி?

நடுவில் 'ஃப்ரூட்ஸ்', சுற்றிலும் பன்னிரண்டு பழங்களின் பெயர்கள். மைண்ட் மேப் (நடுத்தலைப்பிலிருந்து கிளைகளாகச் சொற்கள் பிரியும் படம்) என்றதும் பலரும் முதலில் போடுவது இதைத்தான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் புதிதாகக் கற்பவருக்குத் தொல்லை. ஒரே இனச் சொற்களை ஒரே மூச்சில் அறிமுகப்படுத்தினால் அவை ஒன்றோடொன்று குழம்பிவிடும் என்பதை 1990களில் டின்காம், வேரிங் ஆகிய மொழிகற்றல் ஆய்வாளர்களின் ஆய்வுகள் காட்டின. 'லெஃப்ட்', 'ரைட்' போன்ற எதிர்ச்சொற்களுக்கும் இதே கதிதான். இன வாரியான மேப்பை, சொற்கள் ஓரளவு பழகியபின் திருப்புதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாடத்துக்கு நடுவில் வர வேண்டியது ஒரு சூழல்.

'அட் த டாக்டர்ஸ்' என்று எடுத்துக்கொள்வோம். கிளைகள் நான்கு போதும்: யார், என்ன செய்கிறார், எந்தப் பொருள், உடல் எப்படி இருக்கிறது. புதுச் சொற்கள் ஒரு வகுப்புக்கு எட்டு: பேஷன்ட், எக்ஸாமின், ப்ரிஸ்க்ரைப், ஸ்வாலோ, ரிகவர், டேப்லெட், ஸோர், டிஸ்ஸி. பத்தைத் தாண்டினால் மறுநாள் நினைவில் நிற்பது கடினம்.

மைண்ட் மேப் வரையும் மென்பொருள் எதுவானாலும் சரி. ஃப்ரீபிளேன் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். அதிலும் எக்ஸ்மைண்டிலும் டேப் விசை துணைக்கிளையைத் தரும், என்டர் அதே நிலையில் இன்னொன்றைத் தரும். இந்த இரண்டு விசைகள் கைக்கு வந்துவிட்டால் மாணவர் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே போகலாம்.

முடிந்த மேப்பைக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். நடுத்தலைப்பும் நான்கு கிளைகளும் மட்டும் உள்ள கோப்பை வைத்துக்கொண்டு, வகுப்புக்கு ஒரு நகல் எடுங்கள். முதல் ஐந்து நிமிடம், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களைக் கேட்டு அவர்கள் சொல்லும் கிளையிலேயே போடுங்கள். தவறான கிளை என்றால் ஏன் என்று வகுப்பே பேசட்டும். சொல் மனதில் பதிவது அந்தப் பேச்சில்தான். அதன்பின் புதுச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

சொல்லைத் தனியாக எழுதாமல் அதன் துணையோடு எழுதுவது முக்கியம். 'ஸோர்' என்று மட்டும் இருந்தால் மாணவர் அதை எதனோடும் ஒட்டிவிடுவார்; 'ஸோர் த்ரோட்' என்று போடுங்கள். 'ரிகவர்' வேண்டாம், 'ரிகவர் ஃப்ரம்'. பிறகு 'ப்ரிஸ்க்ரைப்', 'ஸ்வாலோ' இரண்டிலிருந்தும் 'டேப்லெட்'டுக்கு இணைப்புக்கோடு இழுங்கள். கோட்டைத் தொடர்ந்து படித்தாலே 'த டாக்டர் ப்ரிஸ்க்ரைப்ட் டேப்லெட்ஸ்' என்ற வாக்கியம் வந்துவிடும். பெயர்ச்சொல் நீலம், வினை சிவப்பு, பெயரடை பச்சை என்று நிறத்தை ஒரே மாதிரி வைத்திருங்கள். அழகுக்காக நிறம் மாற்றினால் அது எதையும் சொல்லாது.

தமிழ்ப் பொருளையும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் கிளையில் எழுதாமல், மென்பொருளின் குறிப்புப் பகுதியில் வையுங்கள். தமிழ் கண்ணில் பட்டால் ஆங்கிலத்தை யாரும் படிக்க மாட்டார்கள், நாமும்தான். முழு வாக்கியங்களைக் கிளையில் ஏற்றினாலும், துணைக்கிளைகளையும் சேர்த்து மொத்தம் முப்பது கிளைகளைத் தாண்டினாலும் புரொஜெக்டரில் எழுத்து சுருங்கிக் கடைசி வரிசைக்குத் தெரியாது. அப்போது இரண்டாவது மேப் போடுங்கள். இன்னொரு சிக்கல்: புதுக் கிளை சேர்த்ததும் சில மென்பொருள்கள் பழைய கிளைகளைத் தாமாகவே இடம் மாற்றிவிடும். மாணவர் சொல்லை அதன் இடத்தை வைத்தும் நினைவில் கொள்வதால், முதன்மைக் கிளைகள் நான்கையும் தொடக்கத்திலேயே போட்டுவிட்டுப் பிறகு அவற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மென்பொருளின் உண்மையான பயன் கிளைகளை மடக்குவதில் இருக்கிறது. பாடம் முடிந்ததும் ஒரு கிளையை மடக்கி (ஃப்ரீபிளேனில் ஸ்பேஸ் விசை), உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். பதில் வந்தபின்தான் விரிக்க வேண்டும். மறுநாள் நான்கையும் மடக்கிவிட்டு, வெற்றுத்தாளில் மேப்பை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் அதே வேலை. எந்தக் கிளை பெரும்பாலோர் தாளில் காலியாக இருக்கிறதோ, அடுத்த வகுப்பில் அந்தச் சொற்களை மட்டும் எடுத்து வாக்கியம் பேச வையுங்கள்.