கீசர் இணைப்பில் நியூட்ரலை எர்த் ஆக்காதீர்கள்

வயரிங் வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் கீசர் பாயின்ட் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த தவறுகளே திரும்பி வருவதைக் காண்கிறேன். மெயினை அணைக்காமல் கை வைக்கக் கூடாது என்பது போன்ற, எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளை இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

விளக்கு வயரிலிருந்து கிளை எடுப்பது

230 வோல்ட்டில் 2,000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியரும், 3,000 வாட் கீசர் 13 ஆம்பியரும் இழுக்கும். விளக்குக்குப் போட்ட மெல்லிய வயர் இதைத் தாங்காது. எனவே போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாக இழுத்து, அதற்கென ஓர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) வைக்க வேண்டும். 3,000 வாட் கீசர் போர்டிலிருந்து வெகு தூரத்தில் இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர் வயரே நல்லது.

6 ஆம்பியர் பிளக்

உருகிவிடும். 16 ஆம்பியர் மட்டுமே.

நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு லூப் போடுவது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். பழைய வீடுகளில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் குளியலறை வரை வந்திருக்காது. சுவரை உடைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். உடனே சாக்கெட்டுக்குள், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு சிறு வயர்த் துண்டைப் போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். கேட்டால், மின்சாரம் வரும் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் எரிகிறதே என்கிறார்கள். நியூட்ரலோடு சேர்த்த முனையில் விளக்கு எரியத்தான் செய்யும்; அது எர்த் இருப்பதற்குச் சான்று ஆகாது.

ஒரு வாடகை வீட்டில், கீசர் சுவிட்சை அணைத்த பிறகும் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று அழைத்தார்கள். போர்டில் நியூட்ரல் திருகு தளர்ந்து, வயர் கருகி விட்டுப்போயிருந்தது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் வழியாக பேஸ் மின்சாரம், துண்டுபட்டுக் கிடந்த நியூட்ரலுக்கு வந்து, அந்த லூப் வழியாகக் கீசரின் உடலுக்கும் உலோகக் குழாய்க்கும் ஏறியிருந்தது. சுவிட்ச் பேஸை மட்டும் துண்டிக்கும் ஒற்றை முனை சுவிட்ச் என்பதால், அதை அணைத்தும் பயனில்லை.

மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. உப்பு நீரில், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் உறை அரித்து மின்சாரம் கசியும்போது, அந்தக் கசிவு லூப் வழியாக நியூட்ரலுக்கே திரும்பிவிடுவதால், போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் சமமாகவே தெரியும்; ஆர்.சி.சி.பி. இணைப்பைத் துண்டிக்காது.

பழைய சாக்கெட்டைத் திறந்து பார்ப்பதே உறுதியான வழி. திறப்பதற்கு முன், கீசர் ஓடும்போது அதே சாக்கெட்டின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் அளக்க முடிந்தால் அளந்து பாருங்கள். எர்த் தனியாக இருந்தால் நியூட்ரல் வயரில் ஏற்படும் இழப்பால் பெரும்பாலும் ஓரிரு வோல்ட்டாவது காட்டும். பூஜ்யத்திலேயே நின்றால் லூப்பைச் சந்தேகியுங்கள். எர்த் வயர் இல்லையென்றால், சுவரின் மேலேயே கேசிங் (வயரை மூடும் பட்டை) வைத்தாவது எர்த் குழியிலிருந்து பச்சை வயரைக் கொண்டுவர வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் இணங்காவிட்டால், இணைப்புக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

ஒற்றை முனை சுவிட்ச்

பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் 20 ஆம்பியர் இரட்டை முனை சுவிட்சைக் குளிக்கும் இடத்திலிருந்து கை எட்டாத தூரத்தில் வையுங்கள்.

தொட்டி நிரம்பும் முன் சுவிட்ச் போடுவது

வெந்நீர்க் குழாயில் காற்று நின்று தண்ணீர் சீராக வரும்வரை காத்திருங்கள். இல்லையெனில் எலிமென்ட் எரிந்துபோகும்.