பீங்கான் கிரவுன் மில்லிங்: நேரத்தைக் கணிப்பது எப்படி?

பல்லின் மேல் மாட்டும் உறையான கிரவுனைப் பீங்கான் கட்டியிலிருந்து இயந்திரத்தில் வெட்டியெடுப்பதே மில்லிங். பல் லேபில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் கேட்பது, "ஒரு கிரவுனுக்கு எத்தனை நிமிடம் ஆகும்?" என்பதுதான். அந்த எண்ணைப் பெரும்பாலும் இயந்திரத்தைவிட, வெட்டும் பாதையை வகுக்கும் கேம் (CAM) மென்பொருளின் திரையில் நாம் எடுக்கும் முடிவுகளே தீர்மானிக்கின்றன. ஆகவே கீழ்க்காணும் வரிசையில் பார்த்துப் பழகுங்கள்.

முதலில் பொருளைக் கவனியுங்கள். லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடிப் பீங்கானின் பிளாக் (கட்டி) ஊதா கலந்த நீல நிறத்தில், படிகமாதல் முழுமையடையாத நிலையில் வரும். அதை வைர பர் (சுழன்று வெட்டும் சிறு கருவி) கொண்டு, தண்ணீர் பாய்ச்சியபடி தேய்த்தெடுக்க வேண்டும். சிர்கோனியா என்னும் பீங்கானின் டிஸ்க்கோ சாக்கட்டி போல மென்மையானது. கார்பைடு பர் அதை உலர்நிலையிலேயே வேகமாகச் சீவிவிடும். ஆனால் சின்டரிங்கில் (உலையில் சுட்டு இறுக்குவதில்) அது ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 20 சதவீதம் சுருங்குவதால், கிரவுனைச் சுமார் 1.25 மடங்கு பெரிதாக்கி வெட்டுகிறோம்; கன அளவில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மேலும், மில்லிங்கில் மிச்சமான நிமிடங்களை, வழக்கமான சின்டரிங் மணிக்கணக்கில் விழுங்கிவிடும்.

அடுத்து பிளாக்கின் அளவு. முன்பல் கிரவுனுக்குக் கடைவாய்ப்பல் பிளாக்கை மாட்டினால், வீணாகும் பொருளையும் பர் சீவியே ஆக வேண்டும்.

மூன்றாவதாக பர் வரிசை. உண்மையில் நேரம் போவது இங்கேதான். 2 மி.மீ. பர் பெரும்பகுதியை விரைவாக நீக்கும், 1 மி.மீ. பர் வடிவத்தை முடிக்கும், 0.6 மி.மீ. பர் கடிபரப்பின் பள்ளங்களைச் செதுக்கும். 10 மி.மீ. அகலப் பரப்பில் தடங்களின் இடைவெளி 0.1 மி.மீ. என்றால் பர் 100 முறை ஓட வேண்டும், 0.05 என்றால் 200 முறை. 1 மி.மீ. உருண்டை முனை பர், 0.1 இடைவெளியில் விட்டுச்செல்லும் வரிமேடு கணக்குப்படி 2.5 மைக்ரான் உயரமே. பாலிஷில் மறைந்துவிடும் அந்த மேட்டுக்காக நேரத்தை இரட்டிப்பாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

நான்காவதாக, பல் மருத்துவர் தயார்செய்த பல்லின் விளிம்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவை பரின் ஆரத்தைவிடக் கூர்மையாக இருந்தால், மென்பொருள் கிரவுனின் உட்புறத்தைக் கூடுதலாகக் குடையும், பொருத்தம் தளரும். அதைத் தவிர்க்கச் சிறிய பரைத் தேர்ந்தால் நேரம் கூடும். விளிம்புகளைச் சற்று மழுக்கித் தருமாறு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டால், இரண்டு சிக்கலும் தீரும்.

ஐந்தாவதாக வேகத் தேர்வு. ஒருமுறை, மார்ஜின் (கிரவுனின் அடி ஓரம்) மிக மெல்லியதாக இருந்த டைசிலிகேட் கிரவுனை ஐந்து நிமிடம் மிச்சப்படுத்த எண்ணி வேகப் பயன்முறையில் ஓட்டினேன். மார்ஜினில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்தது. புதிய பிளாக்கை மாட்டி முதலிலிருந்து வெட்ட வேண்டியதாயிற்று. மெல்லிய மார்ஜினுக்கு மெதுவான ஓட்டமே கட்டுப்படியாகும்.

கடைசியாக ஒரு குறிப்பேடு வையுங்கள். பொருள், பர் இதுவரை வெட்டிய கிரவுன்களின் எண்ணிக்கை, மென்பொருள் காட்டிய நேரம், உண்மையில் ஆன நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு வேலைக்கும் எழுதுங்கள். தேய்ந்த பர் மீது சுமை கூடும்போது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இயந்திரங்கள் உண்டு. எனவே ஒரே வகைக் கிரவுனுக்கு நேரம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், அமைப்புகளைத் தொடுமுன் பரைக் கழற்றி உருப்பெருக்கியில் பாருங்கள். அப்படியே தண்ணீர்த் தொட்டியின் வடிகட்டியையும் பார்த்துவிடுங்கள்.