"இது என்ன விலை போகும்?" என்று கேட்டு வருகிறவரை வரவேற்பது எப்படி

எங்கள் நாணயக் குழுவில் புதிதாகச் சேர்கிறவர் போடும் முதல் செய்தி அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். மங்கலான ஒரு போட்டோ, கீழே "இது என்ன விலை போகும்?" என்ற கேள்வி. பழைய உறுப்பினர் ஒருவர் "முதல்ல குழு விதியைப் படிங்க" என்பார். இன்னொருவர் சிரிக்கிற பொம்மையைத் தட்டிவிடுவார். வந்தவர் அன்றிரவே வெளியேறிவிடுவார். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒருவர் போனால், அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடக்கும் மலாயா, பர்மா, இலங்கைக் காசுகளும் அங்கே தொழில் செய்து அவற்றைக் கொண்டுவந்த ஐயாவின் (தாத்தாவின்) கதையும் கூடவே போய்விடும். காசுகள் எடைக்குப் போகும், கதை யாருக்கும் கிடைக்காது.

நான் பள்ளத்தூரில் கணக்கு டீச்சராக இருந்தவள். இப்போது அட்மின் வேலை என்னுடையது. விலைக் கேள்வியை யாரும் கேலி செய்யக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வந்தவருக்குக் கேட்கத் தெரிந்தது அது ஒன்றுதான். அடுத்த கேள்வியை நாம்தான் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

முதல் பதில் ஒரே ஒருவரிடமிருந்து போகட்டும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் விளக்கம் சொன்னால் வந்தவர் மிரண்டுபோவார். யார் பதில் சொல்வது என்று வாரத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளுங்கள். "வாங்க ஆச்சி", "வாங்கண்ணே" என்று அழைத்து, பொருள் என்ன என்பதை முதலில் சொல்லுங்கள். விலை பிறகு. நீளமான விதிப்பட்டியலை வாசலிலேயே நீட்ட வேண்டாம், யாரும் படிப்பதில்லை.

சொல்லும்போது அவரே செய்து பார்க்கும்படி ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். 1947-ஆம் வருஷத்து ஒரு ரூபாயைக் காட்டி "வெள்ளிக் காசு" என்று வருகிறவர்கள் நிறைய. பின்பக்கம் புலி இருக்கும். "இல்லை, நிக்கல்" என்று நாம் ஒரு வரியில் முடித்துவிடலாம். அதைவிட, "ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுற காந்தம் இருந்தா கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்க ஆச்சி" என்று சொல்லிப் பாருங்கள். காசு டக்கென்று ஒட்டும். வெள்ளி ஒட்டாது. அதன் பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள்: விக்டோரியா காலத்திலிருந்து 1947 வரை ரூபாயின் எடை 11.66 கிராம்தான், அது மாறவில்லை, மாறியது உலோகம். பதினொரு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு கலப்பு என்றிருந்தது, 1940-இல் பாதி வெள்ளியாகக் குறைந்தது, 1947-இல் வெள்ளியே இல்லாமல் போனது. எடை ஒன்றாக இருப்பதால் தராசு இங்கே உதவாது, காந்தம் உதவும். இதைத் தன் கையால் பார்த்தவர் அன்றே வீட்டிலுள்ள மற்றக் காசுகளையும் எடுத்துப் போட்டு ஆராய ஆரம்பித்துவிடுவார். நமக்கு வேண்டியது அதுதான்.

போட்டோ சரியில்லை என்றால் "தெளிவா அனுப்புங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வெயில் நேரே விழாத தூண் ஓரத்தில், வெள்ளைத் துணி மேல் வைத்து, ஃபிளாஷ் போடாமல், இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல். நம் பக்கத்து வீடுகளின் முற்றத்து வெளிச்சம் ஸ்டூடியோவில்கூடக் கிடைக்காது.

முதல் நாளே சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு: புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. பித்தளை, செம்பைப் பளபளப்பாக வைத்துப் பழகிய கைகள். அன்போடு தேய்த்து மின்னவைத்துதான் போட்டோ அனுப்புவார்கள். புளியின் அமிலம் காசின் மேல்தோலை அரிக்கும், தேய்ப்பில் கீறல் விழும், சேகரிப்பவர் கண்ணுக்கு மதிப்புப் போய்விடும். ஏற்கெனவே தேய்த்துவிட்டவரிடம் மட்டும் இதைக் குற்றமாகச் சொல்லாதீர்கள். "இனிமே ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க, அப்படியே இருக்கட்டும்" என்றால் போதும்.

சில பொருள்களுக்கு வார்த்தையை அளந்து சொல்ல வேண்டும். வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டுக் கட்டோடு வருகிறவர் அப்படி ஒருவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்தபோது அடித்த நோட்டு அது. மலாயா நோட்டில் அச்சிட்ட குறியீடு M என்ற எழுத்திலும் பர்மா நோட்டில் B என்ற எழுத்திலும் தொடங்கும். 1945-இல் போர் முடிந்ததும் அது செல்லாக் காசானது. இன்றைக்கும் ஏராளமாகக் கிடைப்பதால் பெரிய விலை கிடையாது. ஆனால் அந்தக் கட்டை வைத்திருந்த வீட்டில் ஒருவர் அதைச் சம்பாதிக்க உழைத்திருப்பார். ஆகவே விலையைச் சொன்ன கையோடு "உங்க ஐயா எந்த ஊருக்குக் கொண்டுவிக்கப் போனாங்க?" என்று கேளுங்கள் (கடல் கடந்து தொழில் செய்யப் போவதை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்). ஈப்போ, பினாங்கு, ரங்கூன் என்று பதில் வரும். தட்டச்சு செய்ய முடியாத பெரியவர்களைக் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள், இளையவர் யாராவது எழுதி வைக்கட்டும். எங்கள் குழுவில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தப் பதிவுகளைத்தான்.

பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து வருகிறவரிடம் சின்னச் செப்புக் காசு இருந்தால் கவனமாகப் பாருங்கள். ஒரு பக்கம் உட்கார்ந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருந்தால் அது புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு. உருவத்தில் இருப்பது திருக்கோகர்ணம் கோயில் அம்மன் பிரகதாம்பாள் என்று சொன்னதும் அவர் முகம் எப்படி மலரும் என்று நமக்குப் பார்க்கக் கிடைக்காது, அவ்வளவுதான் குறை.

ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பது அட்மினின் முதல் கடமை. ராமர் பட்டாபிஷேகம், அனுமார் படம் போட்டு "கிழக்கிந்தியக் கம்பெனி 1818" என்றிருக்கும் காசுகளைக் கம்பெனி வெளியிடவே இல்லை. காசுக்கு "அரிசியை இழுக்கும்" சக்தி உண்டு, அதில் "இரிடியம்" இருக்கிறது என்ற பேச்சு வந்தால் தயங்காமல் மோசடி என்று எழுதுங்கள். பழைய காசை லட்சக்கணக்கில் வாங்குகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்தது. அதைச் சேமித்து வைத்து, தேவைப்படும்போது போடுங்கள். புதியவருக்குத் தனிச் செய்தியில் விலை பேசும் உறுப்பினரை நான் எச்சரிக்கை இல்லாமலே நீக்குவேன். முதல் சில மாதங்கள் எதையும் விற்க வேண்டாம் என்று வந்தவரிடமே நேராகச் சொல்லிவிடுவேன்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். நூறு வருஷம் கடந்த காசு 1972 சட்டப்படி தொல்பொருள், அதை வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டுபோக முடியாது. பழைய வீட்டை இடிக்கும்போது சுவரிலோ தரையிலோ புதையல் கிடைத்தால், பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878 சட்டம்.

கொஞ்சம் பழகியதும் திருக்கோகர்ணத்தில் இருக்கும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சேர்ந்து போய்வாருங்கள். அதற்குப் பிறகு அடுத்த புதியவர் மங்கலான போட்டோவோடு வரும்போது, அந்த வாரம் பதில் சொல்லும் முறை உள்ளவர் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும். நேற்று வந்தவர் "காந்தம் வச்சுப் பாருங்கண்ணே" என்று பதில் போட இடம் கொடுங்கள். அவர் சொன்னதில் பிழை இருந்தால் குழுவில் திருத்த வேண்டாம். தனியாகச் சொல்லுங்கள், அவரே வந்து மாற்றிப் போடட்டும்.