பரிசாகத் தைக்கும் போர்வை அலுமாரிக்குள் முடங்காமலிருக்க

துண்டுத்துணிகளைப் பொருத்தி, அடுக்கடுக்காக வைத்துத் தைத்த போர்வையைப் பரிசாகக் கொடுத்தால் எவரும் ஆசையாகத்தான் வாங்குவார்கள். ஆனால் அடுத்த வருடம் அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அது கொடுத்த பையோடேயே அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும். பிடிக்கவில்லை என்பதல்ல காரணம். போர்த்தினால் வேர்க்கிறது, கழுவினால் பழுதாகிவிடுமோ என்று பயம், இவ்வளவு பாடுபட்டுத் தைத்ததைப் பாயில் விரிப்பதா என்ற தயக்கம். இவற்றில் முதல் இரண்டும் முழுக்க முழுக்கத் தைப்பவர் கையில் இருப்பவை.

பெரிய தவறு, குளிர்நாட்டுக்காரர் தைப்பதைப் பார்த்து அப்படியே தைப்பது. யூடியூப்பில் காட்டும் போர்வைகளில் மேல்துணி, நடுவில் தடித்த பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கு இருக்கும். பனி கொட்டும் ஊருக்கு அது சரி. திருகோணமலையில் கச்சான் வீசும் மாதங்களில் ஃபேனுக்குக் கீழே படுத்தாலே முதுகு நனைகிறது. மார்கழி மழைக்குக்கூட ஒரு பெட்சீற் போதும். இங்கே இருப்பவருக்குத் தைப்பதானால் நடுவில் பஞ்சே வேண்டாம். தோய்த்துத் தோய்த்து மெதுமையான நூல்சேலை ஒன்றை வையுங்கள். ஐந்தரை மீற்றர் சேலையைக் குறுக்கே பாதியாக வெட்டி, இரண்டு பாதியையும் பக்கம் பக்கமாக மூட்டினால் ஒற்றைக்கட்டில் போர்வைக்கு ஓர் அடுக்கு தாராளமாக வரும். வங்காளத்தில் காந்தா என்று தைப்பது இதைத்தான்: பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலிருந்து கீழ்வரை ஓட்டத்தையல். நம்மைப் போலவே வெக்கையில் வாழ்பவர்களின் முறை என்பதால் அமெரிக்க மாதிரியைவிட அதைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

பஞ்சு வைத்தே ஆகவேண்டும் என்றால், தலையணைக்கு அடைக்கும் இலவம்பஞ்சைத் தொடாதீர்கள். ஒரு தடவை தண்ணீரில் போட்டு எடுத்தாலே மூலைக்குப் போய்க் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். கனடாவில் உள்ள மச்சாளுக்கு அனுப்புவதற்கும் தடித்த போர்வை கட்டாயமில்லை. அங்கே வீட்டுக்குள் ஹீற்றர் ஓடுகிறது. சோபாவில் காலுக்குமேல் போடச் சேலை அடுக்குப் போர்வையே போதும், விமானப் பையிலும் இடத்தை அடைக்காது.

குழந்தைக்குத் தைக்கிறீர்களா? பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குக் கொடுக்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக்கூடாது; முகத்தை மூடி மூச்சடைக்கலாம். ஆகவே போர்த்துவதற்கு என்று கொடுக்காமல், விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறக் கிடத்தி விளையாடவிடும் விரிப்பாகக் கொடுங்கள். 36 அங்குலச் சதுரம் அளவாக இருக்கும். பொத்தான், மணி, சரிகை ஒன்றும் வேண்டாம், எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

அடுத்தது துணி. கையில் கிடைத்த வெட்டுத்துண்டுகளையெல்லாம் கலப்பது. கொட்டன் சுருங்கும், பொலியஸ்டர் சுருங்காது, ரீசேட் துணி இழுபடும். மூன்றையும் ஒரே வரிசையில் மூட்டினால் முதல் தோய்ப்பிலேயே போர்வை அப்பளம் மாதிரிக் கொப்பளித்து நிற்கும். மத்திய வீதிப் புடவைக்கடையில் கொட்டன் என்று சொல்லித் தந்ததும் முழுக் கொட்டனாக இருக்கவேண்டும் என்றில்லை. சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து நாலைந்து இழையை உருவி, குறடால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். கொட்டன் கடதாசி எரியும் வாசத்தோடு எரிந்து பொடிச் சாம்பலாக உதிரும். பொலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் நகத்துக்கு நொறுங்காத கறுப்பு மணியாக நிற்கும். கலப்புத் துணியில் சாம்பலும் இருக்கும், நடுவில் நெருடும் கட்டியும் இருக்கும்.

வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் தோய்த்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். சிவப்பு, அரக்கு, கடும் நீலம் மூன்றையும் தனியாகச் சோதிக்கவேண்டும்: ஒரு துண்டை வெள்ளைக் கோப்பையில் சுடுதண்ணீர் விட்டு அரைமணி நேரம் ஊறவைத்து, பிறகு எடுத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்பிலோ வினாகிரியிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். இந்தக் காலத்துக் கொட்டன் சாயத்துக்கு அது வேலை செய்யாது. நாலு தோய்ப்புக்குப் பிறகும் சாயம் விடும் துணியைத் தலையணை உறைக்கு எடுத்துக்கொண்டு போர்வையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

இனிக் கணக்கு. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஆறு அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் ஆறரை அங்குலத்துக்கு வெட்டவேண்டும், நாலு பக்கமும் கால் அங்குலம் மூட்டுக்குப் போய்விடும். அந்தக் கால் அங்குலத்தைக் கண்மட்டத்தில் விட்டுத் தைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் பார்க்கட்டும். பத்துச் சதுரம் கொண்ட வரிசையில் ஒன்பது மூட்டு. கால் அங்குலத்தைவிட அரைக்கால் (1/8) அங்குலம் கூடுதலாகப் பிடித்துவிட்டால், ஒரு மூட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து கால் அங்குலம் குறையும். ஒன்பது மூட்டுக்கு இரண்டேகால் அங்குலம்! பக்கத்து வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிப் பொருந்தும்? பிறகு நீளமான வரிசையை இழுத்துச் சுருக்கிப் பொருத்துவதும், நடுவில் துணி பொங்கி நிற்பதும் இதனால்தான். மருந்து சுலபம். மெசின் ஊசியிலிருந்து வலப்பக்கம் கால் அங்குலம் அளந்து, தகட்டில் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் பிளாஸ்டரைத் தொட்டபடி ஓடட்டும். அம்மம்மாவின் பழைய கால்மெசினிலும் இது நடக்கும்.

மூட்டியதும் அயன் பண்ணவேண்டும், ஆனால் சட்டைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்க்கக்கூடாது. வைத்து அழுத்தி எடுத்து, மறுபடி வைத்து அழுத்துங்கள். தேய்த்தால் இழைக்குச் சாய்வாக வெட்டிய முக்கோணங்கள் இழுபட்டுக் கோணிவிடும். முதல் போர்வைக்கு முக்கோணமே வேண்டாம், சதுரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம். நட்சத்திர வடிவம், தாமரை வடிவம் எல்லாம் மூன்றாவதுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுக்குகளைச் சேர்க்கும்போது அடித்துணி நாலு பக்கமும் குறைந்தது மூன்று அங்குலம் வெளியே நிற்கவேண்டும். தைக்கத் தைக்க மேலடுக்கு நகரும். சரி அளவுக்கு வெட்டியிருந்தால் கடைசியில் ஒரு மூலை குறைந்து நிற்கும். தரையில் விரித்து, ஒரு கையகலத்துக்கு ஒரு சேப்டிபின் குத்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைத்துக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சிக்கும். இன்னொன்று, நம் ஊருக்கென்றே உள்ள தொல்லை. உப்புக்காற்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வாங்கிய சேப்டிபின்னில் மழைக்காலம் முடிவதற்குள் துரு ஏறிவிடும். பின்னைக் குத்தியபடி போர்வையை மாதக்கணக்கில் மடித்து வைத்தால் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு மஞ்சள் பொட்டு விழும். அந்தக் கறை லேசில் போகாது. குத்தினால் அந்தக் கிழமைக்குள் தைத்து முடியுங்கள், முடியாவிட்டால் பின்னுக்குப் பதிலாக நூலால் பெரிய தையல் போட்டு வையுங்கள்.

இறந்துபோன அப்பாவின் சாரத்திலும் அம்மாவின் சேலையிலும் போர்வை தைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் வெட்டுவதற்கு முன் வீட்டாரைக் கேளுங்கள். அந்தச் சாரத்தை முழுசாக வைத்திருக்க விரும்பும் ஒருவர் அந்த வீட்டில் இருக்கக்கூடும். அப்புறம் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாரத்தில் உட்காரும் இடம் வலைபோல நைந்திருக்கும், ஓரங்கள்தான் உறுதியாக இருக்கும். நைந்த துணியில் நெஞ்சைத் தொடும் துண்டு ஏதும் இருந்தால் பின்னால் மெல்லிய வொயில் துணி ஒன்று வைத்து இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். பட்டுச்சேலையைக் கழுவும் போர்வையில் சேர்க்கவேண்டாம். அதைச் சுவரில் மாட்ட ஒரு சின்ன விரிப்பாகத் தைக்கலாம்.

நேரத்தையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். கலியாணவீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது இரட்டைக்கட்டில் போர்வையைத் தொடங்குபவர்கள் கடைசியில் ஓரப்பட்டியை அவசரமாக ஒற்றைத் தையலில் முடிக்கிறார்கள், முதலில் பிய்வதும் அந்த ஓரம்தான். இரண்டரை அங்குலப் பட்டியை நீளவாட்டில் இரண்டாக மடித்து இரட்டைத்துணியாகத் தைத்தால் நின்றுபிடிக்கும். நாள் போதாவிட்டால் இரண்டு தலையணை உறையோடு நிறுத்துங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு தடவை தோய்த்து வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். புதுசு தானே, கழுவினால் பழசாகத் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியட்டும். தளர்ந்த தையல் உங்கள் வீட்டில் வைத்தே வெளிப்பட்டுவிடும், வாங்குபவருக்கும் தோய்க்கப் பயமிருக்காது. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையில் பல அடுக்குப் போர்வை உள்ளே காய இரண்டு மூன்று நாளாகும், அரைகுறை ஈரத்தில் பொலித்தீன் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் கொடுப்பதானால் துணிப்பையில் போட்டு, எப்படித் தோய்ப்பது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள்: குளிர்ந்த தண்ணீர், சாதாரண சவர்க்காரத்தூள், முறுக்கிப் பிழியாமல் கொடியில் இரட்டையாகப் போடவும்.